வண்டி ரெடி, தாவளம் ரெடியா?



கேரவன் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது சினிமா ஷூட்டிங்தான். நடிகர் உள்ளே ஏ.சி.யில் இருப்பார், நாம் வெளியே வெயிலில் நிற்போம். ஆனால் வெளிநாடுகளில் சாதாரணக் குடும்பங்களே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள வண்டியில் ஏறி ஊர் ஊராகச் சுற்றி வருகின்றன. பக்கத்தில் கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. 2022-ல் வாகமணில் கேரவன் பார்க்கும் திறந்தார்கள். "நமக்கும் இதுக்கும் என்னடே சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? நிறைய இருக்கிறது.

கார்த்திகை பிறந்ததும் கன்னியாகுமரி பக்கம் போய்ப் பாருங்கள். சபரிமலை போய்த் திரும்பும் சாமிமார்கள் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகாவிலிருந்தெல்லாம் வேனிலும் பஸ்ஸிலும் வருகிறார்கள். கேரியரில் அண்டா, அரிசி மூட்டை, பாய். சீட்டுக்கு அடியில் காய்கறி. பின்னால் சிலிண்டர். ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, சமைத்து, சாப்பிட்டு, வண்டியிலேயே தூங்கிவிட்டுப் போகிறார்கள். இது கேரவன் இல்லாமல் வேறென்ன? பெயரும் ஏ.சி.யும்தான் இல்லை! நம் வகுப்பிலும் டூர் என்றால் இதே கதைதான். வேனைப் பேசி, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து, பாட்டு பென்டிரைவைத் தயார் செய்துவிட்டால் எல்லாம் முடிந்ததாக நினைக்கிறோம். ராத்திரி எங்கே நிறுத்துவது, அடுப்பை எங்கே வைப்பது, தண்ணீருக்கு என்ன வழி என்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

தாவளம் என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். வழிப்போக்கர்கள் தங்கும் இடம் என்று அர்த்தம். ஆபத்து ஓடுகிற வண்டியில்தான் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நிற்கிற வண்டியிலும் இருக்கிறது என்பதே என் கட்சி. இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

லக்னோவிலிருந்து ஒரு சுற்றுலா ரயில் பெட்டி வந்தது. 2023 ஆகஸ்ட் 25 அன்று நம்ம நாகர்கோவில் ஜங்ஷனில்தான் அதை மதுரை ரயிலோடு சேர்த்தார்கள். மறுநாள் விடியற்காலை மதுரையில் அந்தப் பெட்டியைத் தனியாகக் கழற்றி நிறுத்தினார்கள். சட்டத்துக்குப் புறம்பாக உள்ளே கொண்டுவந்திருந்த சிலிண்டரால் பெட்டி தீப்பிடித்து எரிந்தது. 9 பேர் இறந்துபோனார்கள்.

அடுத்தது கேரளாவில் வடகரை. 2024 டிசம்பர் 23 அன்று ரோட்டோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று பிறகு நடந்த ஆய்வில் தெரிந்தது. இரண்டு இடத்திலும் வண்டி ஓடவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

"எத்தனை வருஷமா இப்படித்தான் போறோம், ஒண்ணும் ஆகலியே" என்று சொல்பவர்கள் உண்டு. ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்புவதற்கா நாம் டிப்ளமோ படிக்கிறோம்?

சுமை ஏற்றும் கலை

என் அப்பா லாரியில் லோடு ஏற்றும் தொழிலாளி. பள்ளிக்கூடப் படிப்பைத் தாண்டாதவர். "கனமுள்ளது கீழ, நடுவுல. லேசானது மேல. எதையும் கட்டாம விடாதே" என்பார். சென்டர் ஆஃப் கிராவிட்டி என்ற பெயரை நான் பாலிடெக்னிக்கில்தான் படித்தேன், விஷயத்தை வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். நாமோ அண்டாவையும் தண்ணீர் டிரம்மையும் கேரியரில் ஏற்றுகிறோம்! 200 லிட்டர் டிரம் நிறைந்தால் 200 கிலோ. இவ்வளவு எடையைத் தலையில் சுமந்துகொண்டு ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டிப் பாருங்கள். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று நம் வேனின் விலாவிலும் அடிக்கும். ஆனி, ஆடியில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்.

கட்டாமல் விட்ட சாமானுக்கும் ஒரு கணக்கு உண்டு. வண்டி 60 கி.மீ. வேகத்தில் போகும்போது சடன் பிரேக் போட்டால் வண்டி நிற்கும், உள்ளே இருக்கும் சாமான் அதே வேகத்தில் முன்னால் பாயும். 60 கி.மீ. என்பது வினாடிக்கு 16.7 மீட்டர். 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடி உயரத்திலிருந்து கீழே விழுகிற பொருளின் வேகம் அது. அந்த வேகத்தில் ஒரு குக்கர் பிடரியில் பட்டால் என்ன ஆகும்?

எதை எடுக்க வேண்டும் என்பதையும் கணக்குப் போட்டே எடுக்கலாம். 20 பேர், 2 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நேரத்துக்கு 150 கிராம் அரிசி என்றால் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு 3 கிலோ போதும். குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்றால் 60 லிட்டர், அதாவது மூன்று கேன். கேனை சீட்டுக்கு அடியில் வைக்கலாம். கழுவுவதற்கும் சமைப்பதற்கும் போகிற இடத்தில் தண்ணீர் உண்டா என்று முதலிலேயே விசாரித்தால் டிரம்மே வேண்டாம். எல்லோரும் மறக்கும் சாமான்களையும் சொல்லிவிடுகிறேன்: டார்ச் லைட், நல்ல கயிறு, மண்வெட்டி, தார்ப்பாய், முதலுதவிப் பெட்டி, டயருக்கு அண்டை கொடுக்க நாலு கட்டை, குப்பைக்கு இரண்டு காலிச் சாக்கு.

தாவளம் அடிக்கும் முறை

பொழுது சாயும் முன்னால் இடத்தைப் பிடித்துவிட வேண்டும். இருட்டில் பார்த்த சமதளம் விடிந்து பார்த்தால் ஓடைக்கரையாக இருக்கும்! நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவ மழையும் உண்டு. ஆகவே காய்ந்த ஓடையிலும் ஆற்று மணலிலும் வண்டியை இறக்கக் கூடாது. தென்னைமரத்தடி நிழலும் வேண்டாம், தேங்காய்க்குக் கண் கிடையாது. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, டயருக்குக் கட்டை கொடுக்க வேண்டும். வண்டியின் முகம் ரோட்டைப் பார்த்து இருக்கட்டும், அவசரத்துக்கு ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

கடற்கரையில் தங்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. காற்றும் மழையும் இல்லாத நாளிலும், எங்கோ தூரக் கடலில் கிளம்பிய அலை திடீரென்று கரையேறும். கள்ளக்கடல் என்று அதற்குப் பெயர். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் நம் வயதை ஒட்டிய மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை கொண்டுபோயிற்று. கடல் சீற்ற எச்சரிக்கை அப்போது அமலில் இருந்தது. ஆகவே வெளியூர்க்காரர்களான நாம் முதலில் பக்கத்தில் உள்ள மீனவர் ஒருவரிடம், "அண்ணே, இன்னைக்கு கடல் எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் மணலில் கால் வைக்க வேண்டும்.

அடுப்பு எப்போதும் வண்டிக்கு வெளியேதான். ஒரு பிடி மணலைத் தூவினால் காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். தீப்பொறி வண்டிப் பக்கம் போகாத திசையில், பத்துப் பதினைந்து அடி தள்ளி அடுப்பை வைக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. வண்டிக்குள் லீக் ஆனால் மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும், ஜன்னல் திறந்திருந்தாலும் முழுசாக வெளியேறாது. ஆகவே ராத்திரி சிலிண்டரை வால்வை மூடி வெளியே வைக்க வேண்டும். கேஸுக்காவது வாசனை சேர்த்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்குவதும், குளிருக்காகக் கரி நெருப்பை வண்டிக்குள் வைப்பதும் தூக்கத்திலேயே சாவதற்குச் சமம்.

பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குளத்திலோ கால்வாயிலோ விடாமல் ஒரு குழி வெட்டி அதில் ஊற்றி மூடுங்கள். குப்பை நம்மோடு திரும்பி வரட்டும். நமக்கு அது ஒரு ராத்திரித் தாவளம், அந்த ஊர்க்காரர்களுக்கு அது தினசரி வாழ்க்கை.

யார் பொறுப்பு?

"ரோட்டோரச் சமையலையே தடை செய்ய வேண்டும்" என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓட்டலில் சாப்பிட்டு லாட்ஜில் படுக்க வசதி இருந்தால் யாராவது அண்டாவைச் சுமந்துகொண்டு ஆயிரம் கிலோமீட்டர் வருவார்களா? அந்த அண்டா இருப்பதால்தான் ஏழைக் குடும்பம் கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்கிறது. அதைப் பிடுங்கினால் ஊர் சுற்றிப் பார்ப்பது பணக்காரர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும்.

தடைக்குப் பதில் இடம் கொடுக்கலாம். அன்று திருவிதாங்கூர் பாதைகளில் வழியம்பலம் இருந்தது, சுமைதாங்கிக் கல் இருந்தது, கிணறு இருந்தது. நடந்து வந்தவனும் மாட்டுவண்டிக்காரனும் சுமையை இறக்கி, தண்ணீர் குடித்து, படுத்து எழுந்து போனார்கள். நடைக்காரனுக்காக இவ்வளவு யோசித்த ஊர், வேன்காரனுக்காக யோசிக்கக் கூடாதா? சமமான தரை, குழாய், கழிப்பறை, அடுப்பு வைக்க ஒரு சிமெண்ட் மேடை, கழிவு நீருக்கு உறிஞ்சு குழி, நாலு வாளி மணல். கோடிக் கணக்கில் தேவையில்லை. சிவில் நண்பர்களே, இதற்கு ஒரு பிளானும் எஸ்டிமேட்டும் போடுவதை நீங்கள் ஏன் பிராஜெக்டாக எடுக்கக் கூடாது? நன்றாக வந்தால் பேரூராட்சிக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் கொண்டுபோய்க் கொடுப்போம்.

நம் மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். டூர் என்றால் பணத்துக்கு ஒருவர், வண்டிக்கு ஒருவர் என்று பொறுப்பாளர் போடுகிறோம். இனி தாவளத்துக்கும் ஒருவரைப் போடுங்கள். எங்கே நிற்க வேண்டும், அடுப்பு எங்கே, சிலிண்டர் எங்கே என்பதில் அவர் சொல்வதே கடைசி வார்த்தையாக இருக்கட்டும். சீனியர், ஜூனியர் பார்க்காமல் எல்லோரும் கேட்க வேண்டும்.

வீட்டிலிருந்து நம்மைப் படிக்க அனுப்பியவர்கள் நாம் எந்த ஊரைப் பார்த்தோம் என்று பிறகுதான் கேட்பார்கள். "வந்து சேர்ந்தியா மக்களே?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. அதற்கு 20 பேரும் பதில் சொல்லும்படி ஒரு டூர் போவோம். செய்வோமா நண்பர்களே!

— இறுதியாண்டு, இயந்திரவியல் துறை