யானையைக் காட்டினது போதும் சாமி!

பொட்டி தட்டும் மக்களே, உங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

வாரக்கடைசியில் ஏதாவது நல்ல காரியம் பண்ணலாம்னு தோணினா நம்மாளுங்க சட்டுனு கை வைக்கிறது, பேச்சு வராத குழந்தைகளுக்கு வார்த்தை சொல்லித்தர்ற ஆப்பில். நல்ல எண்ணம்தான். ஆனா கடைசியில் வந்து நிக்கிறது ஒரே சரக்கு. திரையில் நாலு படம். "யானை எது?"ன்னு ஒரு குரல். சரியா தொட்டா கைதட்டல், தப்பா தொட்டா "டொய்ங்". அடுத்து புலி, அன்னாசி, விமானம்.

ஒரே ஒரு கேள்வி. அந்த யானையை வச்சுக்கிட்டு பிள்ளை என்ன பண்ணும்?

எங்க அக்கா பையனுக்கு ஏழு வயசு. ஆட்டிசம், பேச்சு வரலை. முப்பது மிருகத்தை டக்டக்குனு தொட்டுக் காட்டுவான். போன மாசம் காதுவலி வந்து ரெண்டு நாள் சுவத்துல தலையை முட்டிக்கிட்டு அழுதான். அடம்னு சொன்னவங்கதான் அதிகம். அவனோட டேப்லெட்டில் ஒட்டகச்சிவிங்கி இருந்தது, 'வலிக்குது' இல்லை.

நாம நாள்பூரா பேசுறதில் சுமார் 80 சதவீதம் சில நூறு வார்த்தைகளுக்குள்ள அடங்கிடும்னு ஆங்கிலத்தில் நடந்த ஆய்வுகள் சொல்லுது. அதில் பொருள்களோட பெயர் கொஞ்சம்தான். வேணும், இன்னும், போ, நிறுத்து மாதிரி வார்த்தைகள்தான் நிறைய. இதுக்குப் படம் போடறது கஷ்டம், யானைக்கு ஈஸி. விஷயம் அவ்வளவுதான். அந்தச் சாக்கும் இனிமே செல்லாது. ஸ்பெயின் நாட்டு அரகோன் அரசின் அராசாக் தளத்தில் பத்தாயிரத்துக்கும் மேலான படங்கள் இருக்கு. வியாபாரம் பண்ணாத வரைக்கும் இலவசம்.

சரின்னு ஆங்கிலப் பட்டியலை அப்படியே தமிழில் இறக்குறது அடுத்த கூத்து.

1. 'நான்' பட்டனையும் 'வேணும்' பட்டனையும் அடுத்தடுத்து அமுக்கினா "நான் வேணும்"னு சொல்லும். அர்த்தமே வேற! 'எனக்கு' வேணும்யா. அம்மா மட்டும் பத்தாது, அம்மாகிட்ட, அம்மாவோட எல்லாம் வேணும்.

2. ஆங்கிலத்தில் ஒரு 'நாட்'டை வச்சு ஒப்பேத்திடலாம். நமக்கு வேணும்-வேண்டாம், இருக்கு-இல்லை, தெரியும்-தெரியாதுன்னு ஒவ்வொண்ணும் தனி.

3. 'ஆன்ட்டி'க்கு ஒரு பட்டன். அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாம் எங்கே போவாங்க?

4. குரல் "எனக்குத் தண்ணீர் வேண்டும்"னு செய்தி வாசிக்கும். எந்த வீட்டுப் பிள்ளைங்க அப்படிக் கேக்குது?

"முதல்ல பெயர்ச்சொல் கத்துக்கட்டும், மத்ததெல்லாம் அப்புறம்"னு ஒரு கோஷ்டி. பேசுற குழந்தைக்குப் பரீட்சை வச்சு, பாஸானாத்தான் 'வேண்டாம்'னு சொல்ல விடுறோமா?

"மிஷினைக் கொடுத்தா வர்ற பேச்சும் நின்னுடும்"னு இன்னொரு கோஷ்டி. 2006ல் மில்லர், லைட், ஷ்லோசர் மூணு பேரும் பழைய ஆய்வுகளை அலசினாங்க. நம்பகமான சான்று இருந்த 27 பேரில் ஒருத்தருக்குக்கூட பேச்சு குறையலை. 89 சதவீதம் பேருக்குக் கூடியிருக்கு.

நம்ம ஊரில் நடக்காத காரியமும் இல்லை. படத்தைத் தொட்டுப் பேசவைக்கிற அவாஸ் சென்னையில் பிறந்ததுதான். அதை உருவாக்கின அஜித் நாராயணனை 2011ல் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ தன்னோட இளம் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் சேர்த்தது. 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல்தொடர்புங்கிற சொல்லோட விளக்கத்திலேயே இந்த மாதிரி மாற்று வழிகளையும் சேர்த்திருக்கு. ஆக, வார்த்தை அந்தப் பிள்ளையோட உரிமை. நட்சத்திரம் வாங்கினா கொடுக்கிற மிட்டாய் இல்லை.

அடுத்த ஆப் எழுதுறவங்க முதல் திரையில் வேணும், வேண்டாம், இன்னும், போதும், வா, வலிக்குது, பிடிக்கலை இதை வைங்க. எல்லாம் வீட்டுத் தமிழில். கைதட்டலைத் தூக்குங்க. வீட்டுப் பெரியவங்களும் பேசும்போதே பட்டனைத் தொட்டுக் காட்டட்டும், பிள்ளைங்க பாத்துத்தான் கத்துக்கும். கோடு எழுதுறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்டயும் ரெண்டு அம்மாக்கள்கிட்டயும் உக்காந்து பேசுங்க.

டிஸ்கி: எனக்கும் யானைக்கும் எந்தப் பகையும் இல்லை. "யானை பாக்கணும்"னு ஒரு பிள்ளை கேட்டா முதல் ஆளா வண்டலூருக்குக் கூட்டிட்டுப் போவேன். கேக்கறதுக்கு அந்த 'பாக்கணும்' பட்டனைக் கொடுங்கன்னுதான் சொல்றேன்.