படிக்கப் போன ஊரைப் பார்க்கலாமா?

"போன இடத்தில் ஊர் சுற்றாதே, படித்து முடித்து நல்லபடியாக வந்து சேர்." பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் நம் வீடுகளில் துஆவுக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் வாசகம் இது. அதிலுள்ள அச்சம் நியாயமானது. நகையை அடகு வைத்து மருத்துவம் படிக்க அனுப்புகிறோம். திரும்பி வந்தபின் எஃப்.எம்.ஜி.இ. தேர்வு காத்திருக்கிறது. தொழுகையும் ஹலாலான உணவும் என்னவாகுமோ என்ற கவலை வேறு. ஆயினும் இந்த அறிவுரை பாதிதான் சரி என்பது எமது கருத்து.

திருவண்ணாமலைக்காரர்களாகிய நமக்கு வெளியூரார் புதியவர்கள் அல்லர். ரமணரைப் பற்றிப் பால் பிரண்டன் எழுதிய நூல் 1934இல் வெளிவந்தது முதல் மேலைநாட்டார் இங்கு வந்தவண்ணம் இருக்கின்றனர். அவர்களுள் இருவகையினரை நம் கடைத்தெருவே பிரித்தறியும். ஒருவர் மலையைப் படமெடுத்துக்கொண்டு மறுநாளே போய்விடுவார். மற்றவர் வாடகைக்கு வீடு பிடித்து, மிதிவண்டியில் காய்கறி வாங்க வந்து, நான்கு தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொண்டு, எதிர்ப்படுவோரிடம் நலம் விசாரிப்பார். நம் பிள்ளை வேற்றூரில் எவ்வகையினராக இருக்க வேண்டும் என்பதே கேள்வி. பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைச் சிந்திக்குமாறு அல்அன்கபூத் அத்தியாயத்தின் 20ஆம் வசனம் ஏவுவதையும் நாம் மறந்துவிடலாகாது.

இந்திய மாணவர்கள் மருத்துவம் பயிலும் ரஷ்ய நகரங்களுள் ஒன்றான கசானையே எடுத்துக்கொள்வோம். 1552இல் நான்காம் இவான் அந்நகரைக் கைப்பற்றியபோது அங்கிருந்த பெரும் பள்ளிவாசல் அழிந்தது. நகரைக் காத்து உயிர்நீத்த இமாம் குல் ஷரீஃபின் பெயரில் 2005இல் அதே கோட்டைக்குள் புதிய பள்ளி திறக்கப்பட்டது. பழைய தாத்தாரியர் குடியிருப்பிலோ, இரண்டாம் கேத்தரின் காலத்தில், 1770இல் கட்டி முடிக்கப்பட்ட மர்ஜானி பள்ளி இருக்கிறது. ஆறாண்டு அந்நகரில் வாழ்ந்துவிட்டு இவற்றைக் காணாமல் திரும்புகிறவர் எதைப் பார்த்தார்? இறைச்சியும் உருளைக்கிழங்கும் பொதிந்த முக்கோண வடிவ 'எச்போச்மாக்'கைத் தின்றாவது பார்த்திருக்க வேண்டும். (நம்மூர் சமோசாவுக்கு அது ஈடாகாது என்று பிள்ளைகள் சொல்லக்கூடும், அது வேறு வழக்கு.)

அன்றாட வாழ்வின் பெருஞ்சோதனை அங்கே நேரந்தான். திருவண்ணாமலையில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. கசானிலோ கோடையில் பகல் பதினேழு மணி நேரத்தைத் தாண்டும். குளிர்காலத்தில் ஏழு மணி நேரமாகச் சுருங்கும். வகுப்பு முடிவதற்குள் அஸர் வந்துவிடும். சில நாள் மஃரிபும் வந்துவிடும். இது புதிய இடர்ப்பாடும் அன்று. பாக்தாதிலிருந்து தூது புறப்பட்டு 922இல் வோல்கா பல்கார் அரசரிடம் சென்றடைந்த இப்னு ஃபள்லான், கூடாரத்தில் சற்று நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு இஷாவுக்கு என்று எண்ணி வெளியே வந்தபோது விடிந்துகொண்டிருந்ததைப் பதிவுசெய்துள்ளார். ஃபஜ்ர் தவறிவிடுமோ என்றஞ்சி முஅத்தின் இரவில் உறங்குவதையே விட்டிருந்தாராம். ஆகவே, நேர அட்டவணையை அவ்வூர்ப் பள்ளியிலேயே கேட்டுப் பெறுவது முதல் வாரத்து வேலை. பள்ளியில் முகம் பழகிவிட்டால், யாருடன் எங்கே செல்லலாம் என்பதையும் அவர்களே சொல்வார்கள். பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம்.

ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்திவிடுகிறோம். வெளிநாட்டில் இருப்பதாலேயே மாணவர் பயணி ஆகிவிடமாட்டார். பதினைந்து நாள் அல்லது அதற்கு மேல் தங்கும் எண்ணம் இருந்தால் ஹனஃபி மத்ஹபின்படி அவர் முழுமையாகத் தொழ வேண்டும். ஷாஃபி மத்ஹபில் சென்றடையும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள். ஆனால் விடுமுறையில் வோல்காக் கரையோரம் பல்கார் நகரின் பழம்பெரும் இடிபாடுகளைக் காணச் சென்றால், தொலைவு ஏறத்தாழ 80 கிலோமீட்டரைத் தாண்டுவதால் கஸ்ர் உண்டு. ஷாஃபிகள் சேர்த்தும் தொழலாம். ஹனஃபிகள் சுருக்கி மட்டும் தொழுவர். புறப்படும் முன் ஜமாஅத் இமாமிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டு, குளிர்காலமாயின் கம்பளிக் காலுறையையும் மறவாமல் எடுத்துச் செல்லட்டும்.