ஊசி வால்வுக்கு ரெஞ்சு எதற்கு?



நேற்று ஐஸ் பிளான்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கூப்பிட்டார். "சார், அம்மோனியா கேஜ் லைன்ல நீடில் வால்வை மூடியும் நிக்கல. ரெஞ்சு போட்டு முறுக்கட்டுமா?"

வேண்டவே வேண்டாம் தம்பி. ஊசி முனை சீட்டில் பதமாக உட்கார்ந்தால் போதும். பலங்கொண்டு முறுக்கினால் முனையில் வளையமாகத் தடம் விழும். அப்புறம் சரியாக மூடவும் மூடாது, நுணுக்கமாகத் திறந்து வைக்கவும் முடியாது. அடியோடு நிறுத்த வேண்டிய இடத்தில் தனியாக ஒரு வால்வு இருக்க வேண்டும். ஊசி வால்வு அளந்து விடுவதற்கு. (ஸ்டெம் பக்கம் கசிந்தால் அது வேறு கதை, கிளாண்ட் நட்டைக் கொஞ்சம் இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும்.)

பேச்சுவாக்கில் கேட்டேன். அது பித்தளை வால்வாம்! கால் அங்குலம், மரை பொருந்தியது, வாங்கிப் போட்டுவிட்டார்கள். அம்மோனியா பட்ட பித்தளை நாளடைவில் விரிசல் விட்டுப் பிளந்துவிடும். அங்கே எஃகுதான் போட வேண்டும். உள்ளே என்ன ஓடுகிறது, எவ்வளவு அழுத்தம் என்று கேட்காமல் மரை அளவை மட்டும் கேட்டு வாங்குவது நம் ஆட்களின் பழக்கம். வகுப்பில் மரை அட்டவணையை மனப்பாடம் செய்ய வைத்தவன் நான்தான், எனக்கும் இதில் பங்குண்டு.

நாளைக் காலை லைனைக் காலி செய்து மாற்றுகிறார்களாம். போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.