கடிவாளமும் கூடையும்

காந்தி மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் கறிகாய் வாங்கப் போகிறவர்கள் தங்கள் இரண்டு கண்களுக்கும் இரண்டு தனி வேலை கொடுக்க வேண்டும். ஒரு கண் தராசைப் பார்க்க வேண்டும். மற்றொன்று தரையைப் பார்க்க வேண்டும். தராசைப் பாராதவர்களுக்குக் கத்தரிக்காயில் இரண்டு குறையும். தரையைப் பாராதவர்கள் வீடு திரும்பியதும் மறுபடி ஸ்நானம் செய்ய நேரிடும். வெங்காய மூட்டைகளுக்கும் வாழைத் தார்களுக்கும் நடுவே, கழித்துப் போட்ட கோசு இலையைத் தின்ன வரும் மாடுகள், வந்து போனதற்கு அடையாளம் வைக்காமல் போவதில்லை.

அந்த அடையாளத்தை அகற்றுவது யார் வேலை என்று விசாரித்துப் பாருங்கள். கடைக்காரர் கார்ப்பரேஷனைச் சுட்டுவார். கார்ப்பரேஷன் சிப்பந்தி மாட்டுக்குச் சொந்தக்காரரைச் சுட்டுவார். சொந்தக்காரர் மாட்டைப் பார்த்துச் சிரிப்பார். மாடு ஒன்றும் சொல்லாது. நால்வரில் பிறர்மீது பழி போடாதது அது ஒன்றுதான்!

பொது வழியில் ஒரு பிராணியை நடத்திச் செல்கிறவர் அது இடும் கழிவுக்கும் பொறுப்பாளியா என்பதே இவ்வாரம் நாம் யோசிக்க வேண்டிய விஷயம். மாட்டின் சொந்தக்காரராவது, "அது தானாகப் போயிற்று, நான் வீட்டில் இருந்தேன்" என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளலாம். குதிரைக்காரருக்கு அந்த வழியும் கிடையாது. குதிரையின் முதுகிலோ பக்கத்திலோ ஆள் இருக்கிறார். அவர் கையில் கடிவாளம் இருக்கிறது. எனவே குதிரையைக் கொண்டு இந்த வழக்கை விசாரித்தால் நியாயம் தெளிவாக விளங்கும்.

திருச்சி ரயிலடியில் ஜட்கா வண்டிகள் வரிசையாக நின்ற காலம் போய்விட்டது; இனி நமக்குக் குதிரை ஏது என்று சிலர் கேட்கலாம். கலியாண வீட்டாரைக் கேளுங்கள், சொல்லுவார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு மோட்டார் போதாது, சாரட்டு வண்டி வேண்டும் என்ற ஆசை நம் குடும்பங்களை விட்டு இன்னும் நீங்கவில்லை. கோடை விடுமுறையில் கொடைக்கானலுக்கும் உதகமண்டலத்துக்கும் போனால் குழந்தைகள் முதலில் கேட்பது குதிரைச் சவாரி. சென்னைக் கடற்கரையிலும் அப்படியே. குதிரை நம்மை விட்டுப் போகவில்லை. அன்றாடத் தேவையாக இருந்தது இப்போது உல்லாசமாக மாறியிருக்கிறது. உல்லாசத்துக்குச் செலவு செய்கிறவர்களிடம் பொறுப்பை எதிர்பார்ப்பது அதிகம் ஆகாது.

முற்காலத்தில் இந்தக் கேள்வி ஏன் எழவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ் மொழியைக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். மாடு இடுவது சாணம். குதிரையும் யானையும் இடுவது இலத்தி. ஆடு இடுவது பிழுக்கை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றுக்கும் தனி உபயோகம் இருந்ததுதான். சாணம் வாசல் தெளிக்க உதவிற்று, வறட்டியாகி அடுப்பெரித்தது. பிழுக்கைக்காகவே குடியானவர்கள் தங்கள் வயலில் ஆட்டுக் கிடை போடச் சொல்லிக் கூலியும் கொடுத்தார்கள். இலத்தி தோட்டத்துக்கு எருவாயிற்று. தெருவில் சாணம் விழுந்தால் கூடையுடன் ஒருத்தி வந்துவிடுவாள். சில வேளை இருவர் வந்து, முதலில் கண்டது யார் என்று வழக்கிடுவதும் உண்டு. விழுந்தது சொத்து, ஆகையால் பொறுப்பு யாருடையது என்ற பேச்சே எழவில்லை.

பிறகு வீடுதோறும் எரிவாயு அடுப்பு வந்தது. வாசலுக்குச் சிமெண்டு வந்தது. வயலுக்கு மூட்டை மூட்டையாய் ரசாயன உரம் வந்தது. நகரத்துத் தெருவில் விழும் சாணத்துக்கு விலை போயிற்று, கூடைக்காரியும் போய்விட்டாள். ஆனால் விட்டுவிட்டுப் போகும் பழக்கம் மட்டும் போகவில்லை. பழைய நாளில் விட்டுப் போனவர் பிறருக்கு ஒரு பொருளை விட்டுப் போனார். இன்று விட்டுப் போகிறவர் பிறருக்கு ஒரு வேலையை விட்டுப் போகிறார்.

சட்டமும் இந்த மாறுதலைப் பூரணமாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. வட இந்தியாவில் பெரும்பாகத்தில் அமலில் இருந்த 1861-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 34-வது பிரிவு, தெருவில் அழுக்கையும் குப்பையையும் எறிகிறவருக்கும், எருக்குவியலிலிருந்து அசுத்தத்தைத் தெருவில் வழியவிடுகிறவருக்கும், குதிரையைத் தாறுமாறாக ஓட்டுகிறவருக்கும் 50 ரூபாய் வரை அபராதமோ 8 நாள் வரை சிறையோ விதித்தது. மத்திய சர்க்கார் 2016-இல் வெளியிட்ட திடக் கழிவு விதிகளும், கழிவை உண்டாக்குகிறவர் அதைத் தெருவிலும் சாக்கடையிலும் நீர்நிலையிலும் எறியக்கூடாது என்றன. இரண்டிலும் முக்கியமான சொல் 'எறிதல்'. குதிரைக்காரர் கெட்டிக்காரராயிருந்தால், "நான் எங்கே எறிந்தேன்? குதிரை இட்டது" என்பார். ஆனால் அதே குதிரை ஒருவரை உதைத்துவிட்டால், "குதிரை உதைத்தது, எனக்கென்ன?" என்று அவர் சொல்ல முடியுமா? சவாரிக் கூலியைக் குதிரை சார்பில் வாங்கிக் கொள்கிறவர் அதன் கழிவையும் அதன் சார்பில் ஏற்றுக்கொள்வதுதானே முறை?

நாய் விஷயத்தில் மேல்நாட்டார் இந்த நியாயத்தை ஒப்புக் கொண்டார்கள். நியூயார்க் நகரத்தில் 1978 முதல், நாயை அழைத்துச் செல்கிறவரே அதன் மலத்தை அள்ள வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்தது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 1996-இல் இயற்றப்பட்ட சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. நாய் இட்டதை நான் கவனிக்கவில்லை என்பதும், அள்ளுவதற்குக் கையில் கருவி இல்லை என்பதும் சமாதானமாகா என்று அது தெளிவாய்க் கூறிற்று. ஆனால் அந்தச் சட்டம் நாய்க்கு மட்டுமே. அதில் குதிரை சேரவில்லை. சிறிய பிராணியின் சொந்தக்காரருக்கு உள்ள கடமை, அதைப்போல் பல மடங்கு இடும் பெரிய பிராணியின் சொந்தக்காரருக்கு இல்லாமற் போனது விசித்திரந்தான்.

எவ்வளவு பெரிய மடங்கு என்பதற்கு ஒரு கணக்கு. ஆயிரம் ராத்தல் எடையுள்ள ஒரு குதிரை நாளொன்றுக்குச் சுமார் 30 ராத்தல் இலத்தி இடும். நம்முடைய மட்டக் குதிரை அதில் பாதி எடைதான் என்று வைத்துக்கொண்டாலும் 15 ராத்தல் ஆயிற்று. பத்துக் குதிரைகள் நிற்கும் இடத்தில் ஒரு நாளில் 150 ராத்தல். ஒரு மாதத்தில் 4,500 ராத்தல், அதாவது இரண்டு டன்.

குதிரைக்காரர் பக்கத்து வாதங்களையும் கேட்போம். குதிரை புல்தானே தின்கிறது, அதில் கெடுதல் என்ன என்பது முதல் வாதம். புல் தின்பதால் நாய் மலத்தைப்போல் அது அவ்வளவு அருவருப்பாய் இல்லை என்பது உண்மையே. ஆனால் ஈக்கு இந்தப் பேதம் தெரியாது. ஈ ஒரு தடவைக்குச் சுமார் 100 முட்டையிடும். புது இலத்தி அதற்கு மிகவும் பிடித்த இடம். நம் ஊர் வெயிலில் ஏழிலிருந்து பத்து நாளைக்குள் முட்டை ஈயாகிப் பறந்து, பலகாரக் கடைக்கு வந்து சேரும். ரண ஜன்னி என்றும் டெட்டனஸ் என்றும் சொல்லப்படும் கொடிய நோயின் கிருமிகள் குதிரை முதலிய பிராணிகளின் குடலில் வசிப்பவை. இலத்தியோடு மண்ணில் கலந்து நீண்ட காலம் அழியாமல் கிடப்பவை. வெறுங்காலுடன் மூட்டை சுமக்கும் தொழிலாளியின் பாதத்தில் ஆணி குத்தினால், 'புல்தானே' என்ற சமாதானம் அவருக்கு உதவாது.

மழை வந்தால் கரைந்துவிடும் என்பது இரண்டாவது வாதம். கரைந்து எங்கே போகிறது? கொடைக்கானல் ஏரி, மதுரைக் கலெக்டராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்ஜ் என்பவரின் முயற்சியால் 1863-இல் உண்டானது. அதைச் சுற்றியுள்ள சுமார் ஐந்து கிலோமீட்டர்ப் பாதையில் நடக்கிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் குதிரையில் போகிறவர்களும் ஒன்றாகவே செல்கிறார்கள். பாதையில் விழுந்தது மழையில் கரைந்தால் சரிவு ஏரியை நோக்கித்தான் இருக்கிறது. எருச்சத்து நீரில் சேரச்சேரப் பாசியும் நீர்க்களையும் கொழுக்கும். ரோஜாச் செடிக்கு அமிர்தமாக வேண்டியது ஏரிக்கு விஷமாகிறது.

சவாரி செய்கிறவர் நடு வழியில் இறங்கி அள்ள முடியாது என்பது மூன்றாவது வாதம். மோட்டார்கள் பறக்கும் சாலையில் தனியாக வரும் சவாரிக்காரருக்கு இது மெய்யான கஷ்டமே. அவர் பிறகு திரும்பி வந்து அள்ளலாம். முடிந்தால் அப்போதே பாதையை விட்டு ஓரமாக ஒதுக்கலாம். ஆனால் நம் மலை நகரங்களில் குழந்தையைக் குதிரைமேல் உட்கார வைத்து, ஆள் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வருவதுதான் வழக்கம். நடந்து வருகிறவருக்கு இறங்குகிற கஷ்டம் ஏது? சாரட்டு வண்டிக்கோ இன்னும் சுலபமான உபாயம் உண்டு. ஆஸ்திரிய நாட்டின் வியன்னா நகரத்திலும், அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்திலும், உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் வண்டிக் குதிரைகளின் பின்னால் பை கட்ட வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். விழுவது பையில் விழும்; தெருவுக்குத் தெரியவே தெரியாது. கோணிப் பை தைக்கத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இல்லாமற் போகவில்லை.

குதிரைக்காரர் ஏழை, அவர்மேல் மேலும் ஒரு பாரமா என்பது கடைசி வாதம். இதற்கு மட்டும் நாம் தலை வணங்க வேண்டும். அவர் ஏழைதான். அபராதம் என்ற தடியை எடுத்துக்கொண்டு முதலில் அவரிடம் போவது தர்மம் அன்று. ஆனால் அவர் விட்டுப் போவதை யார் அள்ளுகிறார்? அவரிலும் ஏழையான ஒருவர் அள்ளுகிறார். அந்த ஒருவர் பெரும்பாலும் எந்தச் சாதியிற் பிறந்தவர் என்பதும் நம் எல்லோருக்கும் தெரியும். இவ்விஷயத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளச் செய்வதை 1993-லும் 2013-லும் செய்யப்பட்ட சட்டங்கள் தடுத்தன. அச்சட்டங்களை உண்டாக்கிய மனச்சாட்சி மிருகங்களின் கழிவைக் கண்டதும் உறங்கிவிடக் கூடாது. தனக்குச் சொந்தமான பிராணியின் கழிவைத் தொட ஒருவர் கூசுகிறார். அதற்குச் சம்பந்தமே இல்லாத மற்றொருவர் கூசாமல் தொட வேண்டும் என்று அவரே எதிர்பார்க்கிறார். தெருவில் கிடக்கும் இலத்தியைவிட இந்த எதிர்பார்ப்பு அசுத்தமானது.

நம் மார்க்கெட் எவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அவர் இதைச் செய்கையால் கற்பித்தார். 1901-இல் கல்கத்தாக் காங்கிரஸுக்குப் பிரதிநிதியாய்ப் போன காந்திஜி, அங்கே கழிப்பிடங்கள் நாறுவதைக் கண்டார். தொண்டர்களிடம் சொன்னபோது, அது தோட்டியின் வேலை என்ற பதில் வந்தது. அவர் விளக்குமாற்றைக் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். அப்போது அவர் மகாத்மா அல்லர். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பாரிஸ்டர்.

தெய்வ காரியத்திலும் இந்த நியாயம் மாறாது. ஸ்ரீரங்கத்தில் ஐப்பசி மாதத்தில் காவிரியிலிருந்து பெருமாளுக்குத் திருமஞ்சன நீர் பொற்குடத்தில் யானைமேல் வருகிறது. அந்தக் காட்சியைக் கண்டு கைகூப்பாத ஸ்ரீரங்கவாசி இல்லை. ஆனால் வளர்ந்த யானை நாளொன்றுக்குச் சுமார் 100 கிலோ இலத்தி இடும் பிராணி. யானையின் முன்னால் கைகூப்பும் கைகளில் இரண்டு, பின்னால் ஒரு கூடையையும் பிடிக்குமானால் பக்தி குறையாது. கைங்கரியம் என்ற சொல்லுக்கு அதுவும் பொருந்தும்.

திருச்சி இவ்விஷயத்தில் பின்தங்கிய ஊர் அன்று. 2016-ஆம் ஆண்டு மத்திய சர்க்கார் 73 நகரங்களின் தூய்மையை ஒப்பிட்டபோது, மைசூருக்கும் சண்டிகருக்கும் அடுத்தபடியாக மூன்றாவது இடத்தில் நின்றது நம் ஊர். அந்தப் பெருமையைச் சம்பாதித்தவை துடைப்பம் பிடித்த கைகளே. அக்கைகளின் வேலையைக் குறைப்பதுதான் நாம் காட்டக்கூடிய நன்றி.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. மார்க்கெட்டின் ஒரு மூலையில் சாணத்துக்கென்று தனித் தொட்டி ஒன்றைக் கார்ப்பரேஷன் அமைக்கட்டும். காய்கறிக் கழிவுடன் சேர்ந்தால் நல்ல உரமாகும். குதிரை வைத்திருப்பவருக்கு உரிமச் சீட்டுடன் ஒரு பையும் ஒரு கரண்டியும் கொடுக்கட்டும். அள்ளிக் கொண்டுவந்து சேர்க்கும் எருவுக்குச் சிறிது விலையும் கொடுக்கட்டும். பழைய காலத்தில் தெருவைச் சுத்தமாக வைத்தது அந்த விலைதான்.

வாசகர்களாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. கலியாணத்துக்குச் சாரட்டுப் பேசும்போது, பாண்டு வாத்தியம், விளக்கு, பூ அலங்காரம் எல்லாவற்றையும் பேசுகிறோம். அத்துடன், "குதிரைக்குப் பின்னால் பை கட்டியிருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்போம். கொடைக்கானலில் குழந்தையைக் குதிரைமேல் ஏற்றுமுன் அதே கேள்வியைக் கேட்டு, 'ஆம்' என்பவருக்குப் பத்து ரூபாய் அதிகமாகவே கொடுப்போம். நம்மைச் சுமந்து செல்லும் வேளையில் குதிரை இடுவதில் நமக்கும் பங்கு இருக்கிறது என்பதைக் குழந்தைகள் அப்போதே தெரிந்துகொள்ளட்டும்.