கேஸ்கெட் மேல பழி போடாதீங்க

டர்போ எஞ்சின் கட்டுற எந்த டீமோட வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும்: எந்த ஹெட் கேஸ்கெட் போடலாம்? பதிலும் ரெடியா இருக்கும். ஒருத்தர் காப்பர் என்பார், இன்னொருத்தர் எம்.எல்.எஸ். என்பார், மூணாவது ஆள் "தடிமனா ஒண்ணு போடு, கம்ப்ரெஷன் தானா குறைஞ்சிடும்" என்பார். இந்த மூணாவது பதில்தான் எனக்குக் கடுப்பு. கேஸ்கெட்டோட வேலை சீல் பண்றது. கம்ப்ரெஷனை அட்ஜஸ்ட் பண்ற வாஷர் இல்லை அது.

கணக்கு போட்டுப் பாருங்க. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத்துக்குப் போற டீம்கள் நிறையப் பேர் வைத்திருப்பது கேடிஎம் 390 எஞ்சின். போர் 89 மி.மீ., ஸ்ட்ரோக் 60 மி.மீ., 373 சி.சி. கம்ப்ரெஷன் ரேஷியோ 12.5-க்கு மேல். டர்போவுக்காக அதை 10-க்கு இறக்கணும்னு வைங்க. கிளியரன்ஸ் வால்யூம் சுமார் 9 சி.சி. கூடணும். அதை கேஸ்கெட் வழியா மட்டும் கொண்டுவர, இருக்கிற தடிமனுக்கு மேல் கிட்டத்தட்ட 1.5 மி.மீ. சேர்க்கணும்.

1.5 மி.மீ. தானேன்னு தோணும். ஆனா பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற ஸ்க்விஷ் இடைவெளியே பொதுவா 1 மி.மீ. சுற்றித்தான். அந்தச் சின்ன இடுக்குதான் ஓரத்துக் கலவையை நசுக்கி நடுவுக்குத் தள்ளி வேகமா எரிய வைக்கிறது. அதை ரெண்டரை மடங்காக்கினால் ஓரத்தில் கலவை சும்மா தங்கும், சூடேறும், ஸ்பார்க்கோட தீ வந்து சேர்றதுக்குள்ள தானா வெடிக்கும். நாக்கிங். எதுக்குப் பயந்து கம்ப்ரெஷனைக் குறைச்சீங்களோ அதையே பின்வாசல் வழியா உள்ளே விட்டாச்சு. போதாக்குறைக்கு ஹெட் மேலே ஏறினதால கேம் டைமிங்கும் தள்ளிப்போகும். சிலிண்டருக்கு அடியில் தடிமனான பேஸ் கேஸ்கெட் போட்டாலும் இதே கதைதான். கம்ப்ரெஷனைக் குறைக்கணும்னா நடுவில் குழியுள்ள பிஸ்டன் போடுங்க, ஓரம் அப்படியே இருக்கட்டும். செலவு அதிகம், டெலிவரிக்குக் காத்திருக்கணும், எல்லாம் தெரியும். இருந்தாலும் அதுதான் வழி.

சரி, எந்த மெட்டீரியல்? என் ஓட்டு எம்.எல்.எஸ்.-க்கு. ஸ்பிரிங் ஸ்டீல் தகடுகள் அடுக்கடுக்கா இருக்கும்; அதில் எம்பாஸ் பண்ணின மேடுகள் ஹெட் லேசா எழும்பும்போதும் கூடவே எழும்பி இடைவெளியை மூடும். காப்பர் பெரிய பூஸ்ட்டைத் தாங்கும், ஆனா நல்லா சீல் ஆக ஓ-ரிங் கம்பிக்குப் பள்ளம் வெட்டணும், தண்ணீர் கசியாம இருக்க தனியா சீலன்ட் வேணும், திரும்ப டார்க் பண்ணணும். டிராக் ரேஸுக்கு ஓகே. எண்டியூரன்ஸ் ஓடி முடிக்க வேண்டிய வண்டிக்கு எதுக்கு இந்த வம்பு?

ஆனா எம்.எல்.எஸ். வாங்கினா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. அது மேற்பரப்பைப் பற்றி ரொம்பக் கறாரான ஆள். ரஃப்னெஸ் 50 மைக்ரோ இன்ச், அதாவது சுமார் 1.27 மைக்ரானுக்குள் இருக்கணும். "கண்ணாடி மாதிரி இருக்கு தம்பி" என்று ஃபேஸிங் பண்ற அண்ணன் சொல்றது அளவு ஆகாது. நம்ம மெட்ராலஜி லேப்ல ரஃப்னெஸ் டெஸ்டர் தூசி படிஞ்சு கிடக்கே, ரெக்கார்டு நோட்டுக்கு மட்டுமா அது? அப்புறம், பழக்கதோஷத்தில் மேலே ஷெல்லாக் பூசிடாதீங்க. கோட்டிங் ஏற்கெனவே அதிலேயே இருக்கு.

அடுத்தது பிடிமானம். உச்ச அழுத்தம் 100 பார்னு வைத்தால், 89 மி.மீ. போரில் ஹெட்டை மேலே தள்ளுற விசை 6 டன்னுக்கு மேல். ஒரு யானையோட எடைக்குக் குறையாது. 9,000 ஆர்.பி.எம்.மில் விநாடிக்கு 75 தடவை. இதைப் பிடிச்சு வைக்கிறது போல்ட்டும் ஸ்டட்டும்தான். டார்க் ரெஞ்சில் நீங்க கொடுக்கிறதில் ஏறக்குறைய 90 சதவீதம் உராய்விலேயே போயிடும். த்ரெட்டில் எண்ணெய் இருக்கா இல்லையா என்பதிலேயே கிளாம்பிங் விசை தலைகீழா மாறும். ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய டார்க்-டு-யீல்டு போல்ட்டைத் திரும்பப் போட்டுட்டு, "சைனா கேஸ்கெட், ஊதிடுச்சு" என்று சொல்றது நியாயமே இல்லை.

ஊதின கேஸ்கெட்டைக் கழற்றினதும் குப்பையில் போடாதீங்க. போர் ஓரம் அடிபட்டு நசுங்கியிருந்தா டியூனிங்கைப் பாருங்க, நாக்கிங் இருந்திருக்கு. அடி எதுவும் படாம கரித்தடம் மட்டும் ஒரு பக்கமா ஓடியிருந்தா பிடிமானத்தையும் மட்டத்தையும் பாருங்க. இதைப் பார்க்காம அதைவிட ஸ்ட்ராங்கான கேஸ்கெட் போட்டா, அடுத்த முறை உடையறது பிஸ்டன். அந்தப் பில்லைக் கட்டப்போறது பெரும்பாலும் அடுத்த வருஷ ஜூனியர்கள். அவங்களுக்காக லாக் புக்கில் நாலு விஷயம் எழுதி வைங்க: ஃபேஸிங் முடிஞ்ச ஹெட் தடிமன், கேஸ்கெட் தடிமன், டார்க் அளவு, எந்த எண்ணெய் போட்டு முறுக்கினீங்க என்பது.