ஒலிவாங்கிக்குச் சொந்தக்காரர் யார்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்களில் நானும் ஒருவன். கை ஓய்ந்தால் குரலும் ஓய்ந்துவிடும். ஒரு குரலுக்காகச் சனம் எவ்வளவு பாடுபடும் என்பதை அப்போது கண்டதால்தான், 2025 ஜூலையில் அமெரிக்க காங்கிரஸ் பொது ஒலிபரப்புக்கான 1.1 பில்லியன் டொலர் நிதியை மீளப்பெற்ற செய்தியை என்னால் இலகுவில் கடந்துபோக முடியவில்லை. அடுத்த மாதமே, அந்த நிதியைப் பகிர்ந்தளித்து வந்த பொது ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தனது பணிகளை முடிவுறுத்தப்போவதாக அறிவித்தது.

விவாதம் பெரும்பாலும் தேசிய ஊடகங்களின் அரசியல் சார்பு பற்றியதாகவே இருந்தது. ஆனால், இவ்வாறான வெட்டு முதலில் இறுக்குவது சிறிய உள்ளூர் வானொலிகளைத்தான். கறுப்பினப் பல்கலைக்கழகங்கள் சில நடத்தும் ஜாஸ் இசை வானொலிகளும் அவற்றுள் அடங்கும். அந்த மக்களுக்கு வானொலி என்னவாக இருந்தது என்பதை அறிந்தால்தான் இழப்பின் கனம் விளங்கும்.

டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் 1947இல் டபிள்யூ.டி.ஐ.ஏ. என்ற வானொலி ஆரம்பிக்கப்பட்டது. உரிமையாளர்கள் இருவரும் வெள்ளையர்கள். வருமானம் இல்லாமல் தள்ளாடிய நிலையில், 1948 ஒக்டோபரில் நாட் டி. வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஒலிவாங்கியின் முன் அமர்த்தினார்கள். அவர் ஒரு வரலாற்று ஆசிரியர், பத்திரிகைப் பத்தி எழுத்தாளர். பீல் வீதியிலிருந்த பலஸ் அரங்கில் புதிய கலைஞர்களை மேடையேற்றும் இரவு நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவரும் அவரே. அதாவது, அவருடைய குரலை ஊர் ஏற்கனவே அறிந்திருந்தது. வானொலி அதற்கு உயரமான கோபுரமொன்றைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

பலஸ் மேடையில் அவரைத் தொடர்ந்த ரூஃபஸ் தோமஸ், பகலில் துணி ஆலையில் வேலைசெய்துகொண்டே அறிவிப்பாளராகவும் இருந்தார். பி.பி. கிங் பத்து நிமிட நிகழ்ச்சியில் ஒரு மருந்துக்கு விளம்பரம் சொல்லி, கிற்றார் வாசித்து, அன்றிரவு தான் எங்கே வாசிக்கப்போகிறேன் என்பதையும் சொல்லிவிட்டுப் போவார். வானொலி கூட்டத்தை மேடைக்கு அனுப்பியது. மேடை அடுத்த கலைஞரை வானொலிக்கு அனுப்பியது. 1954இல் அதன் வலு 50,000 வற்றாக உயர்ந்தபோது, அமெரிக்கக் கறுப்பின மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரை அதன் ஒலி எட்டியது என்பார்கள். ஆண்டுதோறும் அது நடத்திய இசை நிகழ்ச்சிகளின் பணம் மாற்றுத்திறனாளிச் சிறுவர்கள் பாடசாலைக்குச் செல்வதற்கான பேருந்து போன்ற தேவைகளுக்குச் சென்றது. காணாமல்போன பிள்ளை, தொலைந்த பொருள் என எல்லாவற்றுக்கும் இலவச அறிவித்தல் இருந்தது. காணாமல்போனவரின் பெயரை ஒரு வானொலி சத்தமாகச் சொல்வதன் பெறுமதியை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்தக் குரல்கள் அரசியலிலும் பங்கெடுத்தன. 1963 மே 2ஆம் திகதி அலபாமாவின் பேர்மிங்ஹாம் நகரில் மாணவர்கள் இனப்பாகுபாட்டுக்கு எதிராக வீதிக்கு இறங்கினார்கள். ஷெல்லி ஸ்ருவேட், ‘டோல் போல்’ வைற் ஆகிய அறிவிப்பாளர்கள் அதற்கு முன்னரே, பாட்டுகளுக்கிடையில், பூங்காவில் விருந்து இருக்கிறது, பல்துலக்கியும் கொண்டு வாருங்கள் என்ற மாதிரி அறிவித்தார்கள். சிறையில் இரவு தங்க நேரிடும் என்பதே அதன் பொருள். பிள்ளைகளுக்கு அது விளங்கியது. பொலிஸாருக்கு விளங்கவில்லை. ஊர்மொழியும் ஊர்ப்பகிடியும் தெரிந்த ஒருவரால் மட்டுமே அப்படிப் பேச முடியும். தூரத்து நகரமொன்றில் பதிவுசெய்து அனுப்பப்படும் குரலால் அது முடியாது.

இங்கேதான் உரிமை பற்றிய கேள்வி வருகிறது. மேற்சொன்ன குரல்கள் கறுப்பினத்தவருடையவை. ஆனால், மெம்பிஸில் இருந்ததைப் போலவே, அன்று கறுப்பின மக்களுக்காக ஒலித்த பெரும்பாலான நிலையங்கள் வெள்ளையருக்கே சொந்தமானவை. 1949இல் ஜெசி பிளேற்றன் அற்லாண்டாவில் வாங்கிய டபிள்யூ.ஈ.ஆர்.டி.தான் கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமான முதலாவது வானொலி. மார்ட்டின் லூதர் கிங் தலைமைதாங்கிய அமைப்பின் அலுவலகமும் பின்னர் அதே கட்டடத்தில் இயங்கியது. கிங் பேச விரும்பினால் கீழ்த்தளத்திலிருந்து தும்புத்தடியால் கூரையைத் தட்டுவார், மேலிருந்து ஒலிவாங்கி இறக்கப்படும் என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு தூரம் உண்மையோ தெரியாது. ஆனால், அனுமதி கேட்கத் தேவையில்லாத ஒலிவாங்கி என்றால் என்ன என்பதை அது சொல்கிறது.

1996இல் கொண்டுவரப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை வானொலிகளை வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. சில வருடங்களில் ஒரே நிறுவனத்தின் கையில் 1,200க்கும் அதிகமான நிலையங்கள் சேர்ந்தன. ஊர் அறிவிப்பாளர்கள் பலர் வேலையிழந்தார்கள். பல ஊர்களுக்கு ஒரே குரல், ஒரே பாட்டுப் பட்டியல் என்றானது. பீல் வீதியில் அதற்கு முன்னரே நகரப் புனரமைப்பு என்ற பெயரில் கட்டடங்கள் பல இடிக்கப்பட்டிருந்தன. பலஸ் அரங்கும் தப்பவில்லை. இன்று அங்கே இசை உண்டு. கேட்பவர்களில் அதிகமானோர் சுற்றுலாப் பயணிகள்.

ஆக, ஒரு சமூகத்தின் குரலை அழிக்க எப்போதும் குண்டு தேவைப்படுவதில்லை. ஒரு சட்டத் திருத்தமும் ஒரு நிதி வெட்டும் போதும். குண்டு விழுந்தால் இழப்பு கண்ணுக்குத் தெரியும், அழுகை இருக்கும். இப்படி நடந்தால் வானொலி பாடிக்கொண்டேயிருக்கும், ஊர் மட்டும் அதில் இருக்காது.

எங்கள் ஊர்களில் இன்று கேட்கும் பண்பலைகளில் பெரும்பாலானவை கொழும்பிலிருந்தே ஒலிக்கின்றன. தமிழ் இருக்கிறது, பாட்டும் குறைவில்லாமல் இருக்கிறது. முல்லைத்தீவில் இன்று மாலை எந்தக் கோயிலடியில் யாருடைய கச்சேரி, எந்தத் தாய் எந்தக் கொட்டிலில் எத்தனையாவது நாளாக இருக்கிறாள் என்பதைச் சொல்ல அவற்றில் எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறது? சைக்கிள் பெடலைச் சுற்றிய கைகளுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.