திறக்க முடிந்த கைப்பேசி இங்கு வந்தாலும் உதிரிப்பாகம் வருமா?

"இதைச் சரி செய்யிற காசுக்குப் புதுசாவே வாங்கிடலாம் அண்ணே." பேட்டரி நிற்காத கைப்பேசியைக் கடைக்குக் கொண்டுபோனவர்களில் பலர் இந்தப் பதிலைக் கேட்டிருப்பார்கள். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கைப்பேசியைச் சுலபமாகத் திறக்க முடியுமா, உள்ளே இருப்பதைக் கழற்ற முடியுமா என்பதெல்லாம் அது கடைக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, வடிவமைப்பாளரின் மேசையில் முடிவாகிவிடுகிறது.

பழைய நோக்கியா கைப்பேசிகளை நினைத்துப் பாருங்கள். பின்மூடியை நகத்தால் தள்ளினால் கழன்று வரும். பட்டணத்தில் பேட்டரி வாங்கி வந்து வீட்டிலேயே மாற்றிக்கொள்வோம். இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் பின்புறக் கண்ணாடி பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. சூடு காட்டித்தான் அதைப் பிரிக்க வேண்டும். உள்ளே பேட்டரியும் பசையில்தான் இருக்கும். இரும்புக் கருவியால் நெம்பும்போது லித்தியம் பேட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கலாம். வேலை கடினமாகவும் ஆபத்தாகவும் இருப்பதால் கூலியும் ஏறுகிறது.

இன்னொரு பூட்டு மென்பொருளில் இருக்கிறது. சில கைப்பேசிகளில் திரை, பேட்டரி, கேமரா ஆகியவற்றின் வரிசை எண்கள் தாய்ப்பலகையோடு இணைக்கப்பட்டிருக்கும். வேறு பாகத்தைப் பொருத்தினால் எச்சரிக்கை வரும், அல்லது சில வசதிகள் வேலை செய்யாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-இல் இயற்றிய சட்டம் இந்த முறைக்குத் தடை விதித்தது.

மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு 850 ரிங்கிட் கைப்பேசி என்பது அரை மாத உழைப்பு. தோட்டத்தில் இருப்பவர் பழுது பார்க்கப் பட்டணத்துக்குப் போனால் ஒரு நாள் வேலையும் போகும். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது ஒரே கைப்பேசியில் இரண்டு மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் பாடம் படித்த வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் கைப்பேசி நின்றுபோனால் வங்கி, பள்ளித் தகவல், வேலைத் தொடர்பு எல்லாமே நின்றுவிடும்.

ஐரோப்பா போட்ட விதிகள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் கைப்பேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் புதிய வடிவமைப்பு விதிகள் நடப்பில் உள்ளன. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும். பேட்டரி 800 முறை முழுதாக சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவு இருக்க வேண்டும். பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்பதை A முதல் E வரையிலான தரக்குறியீடாகப் பெட்டியில் வரும் லேபிளிலேயே காட்ட வேண்டும்.

அடுத்து, பழுதுபார்க்கும் உரிமைக்கான ஐரோப்பிய உத்தரவு 2026 ஜூலை 31 முதல் அமலாகிறது. உத்தரவாதக் காலம் முடிந்த பிறகும் நியாயமான விலையில் பழுது பார்த்துத் தரும் கடமையை அது தயாரிப்பாளர் மீது வைக்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல், சிறிய மின்சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி வடிவமைக்க வேண்டும் என்ற பொது விதியும் வருகிறது. கைப்பேசிகளுக்கு ஒரு விலக்கு உண்டு. பேட்டரி 1,000 சுற்றுகள் தாங்கி, தண்ணீர் புகாத தன்மையும் இருந்தால், தொழில் தெரிந்தவர் மட்டும் மாற்றும்படி அதை வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் புகாமல் இருக்கப் பசை அவசியம் என்பது நிறுவனங்களின் வாதம். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் 2014-இல் வந்த சாம்சுங் கேலக்ஸி எஸ்5 தண்ணீரையும் தாங்கியது, அதன் பின்மூடியையும் கையால் கழற்ற முடிந்தது. ஐபோன் 16-இல் சிறிதளவு மின்சாரம் பாய்ச்சினால் பேட்டரியின் பசை விட்டுவிடுகிறது. நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் நிறுவனம் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திரையை மாற்றக்கூடிய கைப்பேசிகளை விற்று வருகிறது. மனம் வைத்தால் வழி இருக்கிறது.

நமக்கு என்ன கிடைக்கும்?

ஐரோப்பாவுக்காக மாற்றிய வடிவம் இங்கும் வந்து சேர வாய்ப்பு அதிகம். டைப்-சி சார்ஜர் விதியை ஐரோப்பாதான் கொண்டுவந்தது. ஆனால் 2023-இல் ஐபோன் 15 அந்தத் துளையோடு உலகம் முழுவதும் விற்கப்பட்டது. ஒரே மாடலை நாட்டுக்கு ஒரு வடிவமாகச் செய்வது தயாரிப்பாளருக்கு நஷ்டம்.

உரிமை அப்படிக் கப்பலேறி வராது. 7 ஆண்டு உதிரிப்பாகம், நியாயமான விலை, பழுது பார்க்கும் கடமை எல்லாம் அந்தந்த நாட்டுச் சட்டத்தில் இருக்க வேண்டியவை. பேட்டரியைக் கழற்ற முடிந்தாலும், மாற்றுப் பேட்டரி இந்நாட்டில் கிடைக்காவிட்டால் பயனில்லை.

மலேசியாவின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இதைத் தொடாமல் விடவில்லை. பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் "நியாயமான காலம்" வரை கிடைக்கத் தயாரிப்பாளரும் விற்பனையாளரும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அதன் 37-ஆவது பிரிவு. ஆனால் அந்தக் காலம் எத்தனை ஆண்டு என்று அது சொல்லவில்லை. அதோடு, உதிரிப்பாகத்துக்குப் பொறுப்பில்லை என்று விற்கும்போதே பயனீட்டாளருக்குத் தெரிவித்துவிட்டால் இந்தக் கடமை பொருந்தாது என்ற விலக்கும் அதே பிரிவில் உள்ளது. பொருளைத் திறக்கும்படி வடிவமைக்க வேண்டும் என்ற வார்த்தை அந்தப் பிரிவில் இல்லை.

உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு முதலில் கவனிக்க வேண்டியது இந்த ஓட்டையைத்தான். ஆண்டுக் கணக்கைச் சட்டத்தில் எழுதி, அந்த விலக்கை நீக்கி, பெட்டியில் பழுதுபார்ப்புத் தரத்தை அச்சிடச் செய்தாலே பெரிய மாற்றம் வரும். பட்டணங்களில் கைப்பேசிக் கடை வைத்துப் பிழைக்கும் நம் இளைஞர்களுக்கும் அசல் பாகங்கள் நேர்வழியில் கிடைக்கும்.

அதுவரை, வாங்கும் முன் கடையில் மூன்று கேள்விகள் கேளுங்கள். பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும்? உதிரிப்பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும்? மென்பொருள் புதுப்பிப்பு எதுவரை வரும்? ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பொருள் நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ள உத்தரவாதம்தான். தகராறு என்றால் 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் வீட்டில் திறந்து பார்க்க வேண்டாம். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிட்டு, தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.